காருக்குள் போன கர்கதே

இன்ஷிரா,

டமார் என்று சத்தம் கேட்டதாக எதிர்வீட்டு உம்மு ஹானி சொல்லுவாள். குண்டு இல்லை, நம் கார் ரேடியேட்டரின் மூடிதான். புறாக்கூண்டில் போய் விழுந்தது. புறாக்கள் நலம்.

முக்கியம்: அடுப்படியில் அடையாளத்துக்கு நான் ஷூ நாடா கட்டிய சிவப்பு பாட்டில் உன் கர்கதே செம்பருத்தி சர்பத் இல்லை. காருக்கு ஊற்றும் கூலன்ட், விஷம்! தொடாதே. கசிந்த ஹோஸில் துணி சுற்றிவிட்டு, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நீ போட்டு வைத்த சர்பத்தை, கூலன்ட் என்று நினைத்துக் காரில் ஊற்றி ஸ்டார்ட் செய்துவிட்டேன். தெருவே மணக்கிறது.

சோற்றை இறக்கிவிட்டேன். சாவி உம்மு ஹானியிடம்.

"இந்த ஓட்டை வண்டியாலதான் நம்ம பொண்ணு கல்யாணம் நிக்கப் போகுது" என்று காலையில் கத்தினாயே, அதற்கேற்ற மாதிரி பையனின் அப்பா முன்கூட்டியே தனியாக வந்துவிட்டார். நான் காருக்கடியில், தலையெல்லாம் சிவப்பு.

இந்தச் சீட்டின் ஓரத்திலும் இடமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். இருவரும் கடைக்குப் போகிறோம். மனுஷர் புது கலபிய்யா அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் படுத்து மேலே பார்த்தார்.

"ஹோஸ் வெடிச்சிருச்சு சம்பந்தி. பொம்பளைங்க வர்றதுக்குள்ள புதுசு மாட்டிடலாம், எழுந்திரிங்க!"