தோர்தோவின் நாலாவது கால்

தாக்குவாரெம்போ
ஆகஸ்ட் 14

அன்பு மகள் மாய்தேவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி நீயும் சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவின் இருமல் விட்டது, வாய்தான் ஓயவில்லை. ஆடு மேய்க்கும் எலாதியோவின் ஆட்டுநாய் தோர்தோ வேலிக்கம்பியில் மாட்டி, முன்கால் எலும்புக்குள் சீழ் வைத்துக் குழியாகிவிட்டது. காலை எடுப்பதுதான் வழி என்றார்கள் மற்ற டாக்டர்கள். மூணு காலோட எந்த நாய் ஆடு ஓட்டும் டாக்டரம்மா என்று அந்த மனிதர் என் முன்னால் அழுதார். எங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் சோதித்துவரும் எலும்புப் பசையைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தார். ஊசியில் ஏற்றினால் குழிக்குள் போய் இறுகி, கிருமிக்கொல்லி மருந்தை மெல்லக் கசியவிடும், அதன் இடத்தில் புது எலும்பு வளர வேண்டும். முயலில் வளர்ந்தது, நிஜ நோயாளிக்கு இதுதான் முதல் தடவை.

இருந்தது இரண்டே ஊசி. உதவியாள் விடுப்பு என்பதால் உன் அப்பாவைக் கூப்பிட்டது என் புத்தி. உறை பிரிக்காமலே குலுக்கிக் கலந்த ஊசியை, ஒரு நிமிஷம் பிடியுங்கள் என்று வாசலில் நின்றவரிடம் கொடுத்தேன். கையில் மத்தே தேநீர்க் குடுவை, கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், நம் ஊர் ஆண்பிள்ளைக்கு மூன்றாவது கை ஏது? ஊசியையும் பிளாஸ்கோடு சேர்த்து இடுக்கிக்கொண்டார். சூடு பட்டால் பசை சட்டென்று இறுகும். குழியைக் கழுவிவிட்டு வாங்கினால் உள்ளே சுண்ணாம்புக் கட்டி. குளிருல விறைச்சுடுமேன்னுதான் அணைச்சு வெச்சேன் என்கிறார். நான் பார்த்த பார்வையில் பிளாஸ்க்கே ஆறியிருக்கும். மிச்சமிருந்த ஊசியை நானே கலந்து, கடவுளே என்று போட்டேன்.

முதல் இரண்டு எக்ஸ்ரேயில் சீழ் இல்லை, ஆனால் எலும்பும் தெளிவாகத் தெரியவில்லை. போன செவ்வாய் மூன்றாவது படம் எடுக்க வேண்டியிருந்தது, எலாதியோ வரவில்லை, போனும் எடுக்கவில்லை. கால் போய்விட்டது, சொல்ல மனமில்லாமல் இருக்கிறார் என்றே நினைத்தேன். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போய் இறங்கினால் மேட்டின் மேல் ஆட்டு மந்தை ஓடுகிறது, பின்னாலேயே தோர்தோ, நாலு காலும் தரையில் பட. எலாதியோ குதிரைமேல் இருந்தபடியே, வேலை நாள்ல நாயைக் கூட்டிட்டு வந்துட்டா ஆட்டை நானா குரைச்சு ஓட்டுறது என்று கேட்டார். நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன் மாய்தே, சந்தோஷம் தாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் பண்ண மறக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா கிரசியேலா