கதவில் ஒட்டிய சிவப்பு வட்டம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவின் மூக்கு ஒன்றைத் தவிர. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நான்கு தரம் சரிம்மா சொல்லிவிடுகிறாய். இது சரிம்மாவில் முடிகிற விஷயம் இல்லை, உட்கார்ந்து முழுதாகப் படி.

அப்பாவுக்கு எழுந்தது முதல் படுப்பது வரை தும்மல். டாக்டர் மூக்கைப் பார்த்துவிட்டு வீட்டைப் பற்றி விசாரித்தார். தூசிதான் காரணம், ஆள் வைத்து வீட்டை அடியோடு சுத்தம் செய்யுங்கள் என்றார். உன் அக்கா அன்றைக்கே ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டாள், அவளிடம் ஒன்றைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அது நடந்துவிடும், உனக்குத்தான் தெரியுமே. வீட்டைப் பார்த்துப்போக அங்கிருந்து ஒரு பெண் வந்தாள், ஒல்லி உடம்பு, காலில் பெரிய பூட்ஸ். அறை அறையாகப் போய் வந்து, நாங்க தூசியத்தான் எடுப்போம், உங்க சாமான எடுக்க மாட்டோம், தரை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் மெஷினே உள்ள வரும் என்று கறாராகச் சொன்னாள். போகும்போது ஆளுக்கொரு நிறத்தில் வட்ட வட்டமாக ஸ்டிக்கர் தாள் கொடுத்தாள். அவங்கவங்க பொருள்ல அவங்கவங்க நிறத்த ஒட்டுங்க, வேணுமா வேண்டாமான்னு அவங்கவங்களே முடிவு பண்ணுங்க, இல்லன்னா நாங்க வர்ற அன்னிக்கு உள்ள சண்டை நடக்கும், நாங்க வாளியோட வாசல்ல நிக்கணும் என்றாள். நிறைய வீடு பார்த்தவள் போலிருக்கிறது. அப்பாவுக்கு நீலம், உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. என்னோடதெல்லாம் எப்பவோ எடுத்துட்டுப் போயிட்டேன் என்று அக்கா பெருமை அடித்துக்கொண்டாள், கட்டிலுக்கு அடியிலிருந்து அவளுடைய பழைய செருப்பு ஒரு மூட்டை வந்ததும் துடைப்பம் தேடப் போய்விட்டாள்.

அப்பா நீலத் தாளோடு கிளம்பினார். மிக்சி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம், அது வந்த அட்டைப்பெட்டி இருக்கிறது. ஓடாத மின்விசிறியின் இறக்கை, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து, முன்பு குடியிருந்த வீட்டின் அழைப்பு மணி. எதைக் காட்டினாலும் இருக்கட்டும், உதவும் என்பார். எப்போது உதவும் என்று கேட்டால் தும்முவார், ரொம்ப வசதியான தும்மல். உன் அறைக்கு நான் பச்சை ஒட்டினேன். கம்பி அறுந்த கிட்டார், ஒரு வாரம் தூக்கிவிட்டு நீ மறந்துபோன இரும்புக் குண்டுகள், எழுதாத பரீட்சைக்கு வாங்கிய புத்தகங்கள், எதற்கென்றே தெரியாத வயர் ஒரு வாளி நிறைய. சிரித்துக்கொண்டேதான் ஒட்டினேன்.

மறுநாள் அப்பா வந்து, நீலம் தீந்துபோச்சு, உன்கிட்ட சிவப்பு மிச்சம் இருந்தா குடு, மேல ஒரு கோடு போட்டு என்னோடதுன்னு வெச்சுக்கறேன் என்றார். எடுத்துப் பார்த்தேன், தாள் ஏறக்குறைய வாங்கினபடியே இருந்தது. கண்ணாடிக் கூடு, ஊசி நூல் டப்பா, அப்பா பீரோவின் கடைசித் தட்டில் என் துணிமணி, அப்புறம் துண்டு துண்டாகச் சேர்த்துக் கடல் படமாக்க நீ அனுப்பினாயே அந்தப் பஸில் பெட்டி. அவ்வளவுதான். அப்ப பாத்திரத்துல ஒட்டேன் என்றார் அப்பா, நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அதுல நான் மட்டுமா சாப்பிடறேன் என்று கேட்டேன். பாவம், தும்மக்கூட மறந்துபோய் நின்றார்.

அந்தப் பஸில் கதையை உன்னிடம் நான் சொன்னதில்லை. ஆயிரம் துண்டை விரிக்க இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையை விட்டால் வேறு இடம் ஏது. நான்கு ஓரத்தையும் கட்டிக் கடலுக்கு வரும்போது சாப்பாட்டு வேளை வந்துவிடும், தட்டு வைக்க வேண்டும், எல்லாவற்றையும் வழித்துப் பெட்டியில் போடுவேன். அடுத்த தடவை மறுபடி ஓரத்திலிருந்து. எனக்கு வேண்டியதெல்லாம் பாதியில் விட்டுப் போனால் யாரும் ஒதுக்கிவைக்காத ஒரு மேஜை. இந்த வயதில் இதைப் போய்க் கேட்பதா என்று வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் கேட்காமல் இருந்ததை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது. நீ படித்த மேஜை உன் அறையில் சும்மாதானே கிடக்கிறது, ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து அந்த அறைக் கதவில் ஒட்டிவிட்டேன்.

அப்பா பார்த்துவிட்டு, பையன் வந்தா எங்க தூங்குவான் என்றார். கட்டில் அங்கயேதான் இருக்கு என்றேன். உள்ள என்னதான் பண்ணப்போற என்றார். கதவச் சாத்திக்கிட்டு உக்காரப்போறேன் என்றேன். அக்கா கை தட்டினாள், அப்பா அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உன்னை வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரி அவருக்குப் பட்டிருக்கிறது. உனக்கும் அப்படிப் படக்கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நீ இந்த வீட்டுப் பிள்ளை கண்ணா, அதற்கு ஒரு வாளி வயரைச் சாட்சிக்கு வைத்திருக்க வேண்டியதில்லை. நீ வரும்போது அறை உனக்குத்தான். மேஜை மட்டும் அப்போதும் என்னுடையது, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்.

அடுத்த நாள் பரணில் தடபுடலென்று சத்தம். ஏணியில் நின்றுகொண்டு அப்பா நீலம் ஒட்டியதையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார். மிக்சிப் பெட்டியை அவரே காலால் மிதித்து மடக்கினார். அவனோடத எங்கயாவது வெக்கணுமில்ல என்றார், என் பக்கம் திரும்பாமல். உன் சாமான் மொத்தமும் இப்போது பரணில் பத்திரமாக இருக்கிறது, எதையும் எறியவில்லை. பூட்ஸ்காரப் பெண் ஆட்களோடு வந்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்துவிட்டுப் போனாள், தரைக்கு இப்படி ஒரு நிறம் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. அப்பாவின் தும்மலும் பாதியாகிவிட்டது.

நேற்று சாயங்காலம் உன் மேஜையில், இல்லை, என் மேஜையில் பஸிலை விரித்து உட்கார்ந்தேன். சாப்பாட்டு வேளைக்கு அப்பா வந்து கதவைத் தட்டினார். தட்டு வெச்சுட்டேன், வர்றியா என்று வெளியே நின்றே கேட்டார். கடலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனேன். இன்று காலையில் வந்து பார்த்தேன், பாதிக் கடலும் விட்ட இடத்திலேயே இருக்கிறது. ரொம்ப நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்ததெல்லாம் நடந்து, நீ நிறைவாக வாழ வேண்டும். உன் சாமானையெல்லாம் அக்கா போட்டோ எடுத்து அனுப்புவாள், எது வேண்டும் எது வேண்டாம் என்று மறக்காமல் பதில் போடு, இல்லாவிட்டால் அவள் கையில் விட்டுவிடுவேன்.

என் அறையிலிருந்து,
உன் அம்மா