கத்தினால் மை போடு

1940 பிப்ரவரி 10, சனி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், எங்கள் வீட்டுச் செவலைச் சேவல் இன்று மாலை முதல் கூரையைவிட்டு இறங்க மறுக்கிறது. காரணம், மச்சானின் சைக்கிள்.

மச்சான் என்றால் எங்கள் சொர்ணவல்லி அக்காவைப் போன மாதம் கட்டிக்கொண்ட ரெங்கராஜ். அறந்தாங்கியில் யாரோ ஓட்டி அலுத்த சைக்கிளை வாங்கி, அதிலேயே விருந்துக்கு வந்திருக்கிறார். ஓடும்போது சத்தமில்லை. பிரேக் பிடித்தால்தான் கிறீஈஈச்! எதிர்வீட்டு மூக்காயி அத்தை, "என்னடா பிச்சை, ஒங்க வீட்ல பன்னி அறுக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

பிப்ரவரி 11, ஞாயிறு

அப்பா கட்டுமாவடியிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிவரும் வண்டிக்காரர். எங்கள் வீட்டில் ஒரே வேதம்: கத்தினால் மை போடு. அச்சு கத்தினாலும் மை, கதவு கத்தினாலும் மை. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மை.

யாரும் பார்க்காதபோது பிரேக் ரப்பரிலும் சக்கர விளிம்பிலும் தாராளமாகத் தடவினேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை. சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. என்ன கைராசி எனக்கு! எழுத ஒரு மை, அக்கா கண்ணுக்கு ஒரு மை, வண்டிக்கு ஒரு மை. பெருமையிலும் ஒரு மை இருக்கிறது. இன்று எனக்கு அது கொஞ்சம் கூடுதல்.

பிப்ரவரி 12, திங்கள்

மச்சான் உயிரோடு இருக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சயன்ஸ் வகுப்பு. வாத்தியார் மேசைமேல் ஒரு சிலேட்டைத் தள்ளினார். பாதியில் நின்றது. மேசையில் எண்ணெய் தடவி அதேபோலத் தள்ளினார். பறந்துபோய்க் கீழே விழுந்து இரண்டானது. "பாத்தீகளாடா? மொதல்ல புடிச்சு நிறுத்துனது உராய்வு. எண்ணெ பட்டதும் அந்தப் புடி போச்சு. அச்சுல உராய்வு இருந்தா தொல்லை. பிரேக்குல உராய்வு இல்லாட்டிக் கொலை!"

கொலை.

நான் எழுந்துவிட்டேன். "என்னடா?"

"சார்... எங்க மச்சான்!"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஓடினேன். சாப்பிட்டதும் அறந்தாங்கிக்குப் போய் வருவதாக மச்சான் சொல்லியிருந்தார். வழியில் கண்மாய்க்கரைச் சரிவு. சரிவின் அடியில் கருங்கல் மதகு. இறங்க இறங்க வேகம் கூடும், நிறுத்தத்தான் ஒன்றும் இருக்காது. கட்டி ஒரு மாசம்கூட ஆகலையே, அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் — ஓட ஓட இதேதான்.

நல்லவேளை, சமயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சரிவில் பாய்ந்துவந்த சைக்கிளின் கேரியரைப் பிடித்துத் தொங்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி நிறுத்தினேன். பிரேக்குக்குப் பதில் பிச்சை! மதகுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அம்மா எனக்கு உப்பு சுற்றிப் போட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

தெருவெல்லாம் கதை சொல்லியாயிற்று. ஒரு முழம் இப்போது இரண்டு விரற்கடை. மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார். ஒரு வார்த்தை மறுக்கவில்லை. ஏன்?

பிப்ரவரி 16, வெள்ளி

மச்சானும் அக்காவும் கிளம்பிவிட்டார்கள். அக்கா அப்பா வண்டியில், மச்சான் சைக்கிளில். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார் போல, தெருமுனையில் பிரேக் பிடித்தபோது கிறீச்சென்றது. போன மூச்சு எனக்குத் திரும்பி வந்தது.

கிளம்பும்போது காதோடு சொன்னார்: "மாப்புள, அந்த ரெண்டு வெரக்கடைய இதுக்கு மேல கொறைக்காத. நான் செத்துருவேன்."

சரி, எழுதிவிடுகிறேன். திங்களன்று நான் எந்தக் கேரியரையும் பிடிக்கவில்லை.

நான் போனபோது சைக்கிள் மதகுக்கு முன்னாலேயே வயல் சேற்றில் கிடந்தது. ஆளைக் காணோம். அப்படியே தரையில் உட்கார்ந்து, "அக்கா, மச்சானக் கொன்னுட்டேனே!" என்று கத்தியதில் ஆடு மேய்த்த வெளியூர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். வாய்க்காலுக்குள்ளிருந்து ஒரு குரல்: "யாருடா செத்தது?" இடுப்புவரை சேறு. வேட்டியை அலசிக்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்றதும் ஹேண்டிலைத் திருப்பிச் சேற்றில் விட்டிருக்கிறார். சேறு சக்கரத்தைக் கவ்விக்கொண்டது.

மேலே வந்து பிரேக்கைத் தொட்டு, தன் விரலை மோந்து பார்த்து, "வெளக்கெண்ணெ. ஒங்க வீட்டு மையா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். சிரித்துவிட்டார். நான் அழுதேன். எழுந்தால் கால் நிற்கவில்லை, மறுபடி உட்கார்ந்தேன்.

கடைசியில் சேற்றோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது மச்சான். கேரியரில் உட்கார்ந்து வந்தது, அவரைக் காப்பாற்றிய வீரன்.