எட்டுக் குப்பி சிராப்

இன்று புதன்கிழமை. லீவு போட்டிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் கொடுத்த பையிலிருந்து அந்தப் பழைய கேம் பெட்டியை எடுத்து, மஞ்சள் ஒயரை டிவியில் சொருகினேன். கன்ட்ரோலரைக் கையில் எடுத்ததும் தைல வாசம் குப்பென்று அடித்தது. பட்டன்களெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. விரல் மரத்துப்போகிறது என்று நோய்க்காலத்தில் நீ தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாய். அந்த விரல்களோடு விளையாடியும் இருக்கிறாய். என்னிடம் சொல்லவே இல்லை.

கிள்ளான் ஃப்ளாட்டில் உங்கள் வீடு நான்காவது மாடி, எங்களுடையது மூன்றாவது. பள்ளி விட்டதும் சீருடையைக்கூட மாற்றாமல் உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவோம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உன் அப்பா வாங்கிவந்த கேம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, ஒன்றும் புரியாது. பச்சை அங்கி போட்ட வீரன் பாறைக்குப் பாறை தாவுவான், பூதங்களை வெட்டுவான். வெட்ட வெட்டப் பலம் கூடும், புது வாள் கிடைக்கும். புரியாததற்கெல்லாம் நாமே பெயர் வைத்தோம். எலும்பை வீசும் பூதம் கங்காணி. உயிர் ஏற்றும் சிவப்புக் குப்பிக்கு, கல்யாண வீட்டில் கலக்கும் சிராப்பின் பெயர்.

நம் சண்டையெல்லாம் அந்தச் சிராப்புக்காகத்தான். லேசாக அடி பட்டாலே நீ எடுத்துக் குடித்துவிடுவாய். நானோ ஒன்றைக்கூடத் தொடமாட்டேன். கடைசிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ராட்சசனுக்கு வேண்டும் என்று சேர்த்துச் சேர்த்து வைத்து, போகிற வழியில் கங்காணி கையால் செத்துப்போவேன். வீரன் குப்புறக் கிடப்பான், பை நிறையச் சிராப் இருக்கும். நீ தரையில் புரண்டு சிரிப்பாய்.

"பையில வச்சுக்கிட்டே சாகுற ஆளுடி நீ!"

அந்தக் கடைசிக் கதவை நாம் திறந்ததே இல்லை. பரீட்சை வந்தது, வேலை வந்தது. நீ கல்யாணம் கட்டிக்கொண்டு காப்பாருக்குப் போனாய், நான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசுக்கு வந்தேன். உனக்கு நோய் வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எட்டிப்பார்ப்பேன். வீடு நிறைய உறவுக்காரர்கள் இருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவேன். அப்போதுதான் போனில் கேட்டாய்.

"ஒரு புதன்கிழமை லீவு போட்டு வாடி. அவரு வேலைக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு, வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க. அந்தக் கதவத் திறந்து பாத்துருவோம்லா."

"ஆப்பரேஷன் முடியட்டும். லீவெல்லாம் சேத்து வச்சிருக்கேன். ஒரு வாரம் உன்கூடவே இருக்கேன்."

"சரி, வச்சுக்கோ" என்றாய்.

ஆப்பரேஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போதே போய்விட்டாய். ஆபீசில் துக்க லீவு கேட்டேன். சிநேகிதிக்கெல்லாம் அது கிடையாது, உங்கள் லீவில்தான் கழிப்போம் என்றார்கள். நான் உனக்காகச் சேர்த்து வைத்ததில் முதல் நாள் உன் சாவுக்குத்தான் செலவானது. ரயிலில் கிள்ளான் வரைக்கும் ஒரு மணி நேரம், அங்கிருந்து காப்பாருக்கு அரை மணி நேரம்தான். தூரத்தின் மேல் பழிபோடவும் வழியில்லை. தப்பு என்னுடையது. அதை இனி எப்படியும் சரிசெய்ய முடியாது.

நீ சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்தேன். வீரன் கடைசிக் கதவுக்கு முன்னால் நின்றான். அதுவரைக்கும் நீயே கொண்டுவந்து, அங்கே நிறுத்திவைத்திருக்கிறாய். பையைத் திறந்து பார்த்தேன். எட்டுச் சிராப். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கத் தெரியாதவள், நான் பயப்படுவேன் என்று எட்டு வைத்திருக்கிறாய். திரை கலங்கித் தெரிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுக்குள் போனேன்.

ராட்சசன் முதல் அடி அடித்ததுமே ஒன்றைக் குடித்தேன். அப்புறம் தயங்கவே இல்லை. எட்டையும் குடித்து முடித்தபோது அவன் விழுந்தான். ஏதோ பாட்டு வந்தது, ஜப்பான் எழுத்துகள் வரிவரியாக ஏறிப் போயின. "திறந்துட்டோம்டி" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் வெறும் தரை.

எழுத்துகள் ஓடி முடிந்ததும் கேம் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது. ஜெயித்ததை அது சேமிப்பதில்லை போலிருக்கிறது. உன் ஆட்டத்தை மறுபடியும் திறந்தேன். கதவு மூடியிருந்தது. வீரன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். பையில் எட்டுச் சிராப், நீ வைத்தது வைத்தபடி.

எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள் லீவு இருக்கிறது.