பின் இருக்கையின் எடை

பிந்துலு, சரவாக்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள வாசுகிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது, கொஞ்ச நாளைக்கு எழுதியே பேசிக்கொள்ளலாம் என்று நீ சொன்னாய். நான்தான் முதலில் எழுதுகிறேன். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இங்கே வேலை முடிகிற கட்டம். கேஸ் பிளாண்டில் எங்கள் பகுதி வெல்டிங் சோதனை டிசம்பர் நடுவில் முடிந்துவிடும். கேம்ப் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லை. மீனும் கோழியும் ஒரே ருசி. வந்த ஒரு வருஷத்தில் இடுப்பில் பெல்ட் நிற்க மாட்டேன் என்கிறது.

ஓர் உதவி வேண்டும். வாசலில் மூடி வைத்துவிட்டு வந்தேனே, என் பைக், அதைப் பத்து பாகாட்டில் தங்கராஜுவின் மோட்டார் கடைக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியில் வட தாய்லாந்துக்கு நீண்ட பயணம். பழைய கூட்டாளிகள் எல்லாரும் வருகிறார்கள். அறுநூற்றைம்பது சிசி என்று பெயர்தான், பெட்டிகளை ஏற்றி ஆளும் உட்கார்ந்தால் மேட்டில் திணறுகிறது. எஞ்சினைத் திறந்து பிஸ்டன், கேம், ஸ்ப்ராக்கெட் எல்லாம் மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். இந்த வேலைக்கு ஜொகூரில் அவனை விட்டால் ஆள் இல்லை. உன் தொழிற்சாலைக்குப் பக்கம்தான், வேலை முடிந்து வரும்போது ஓர் எட்டு பார்த்துக்கொள். சட்டையில் ஒரு தையல் பிசகினாலே திருப்பி அனுப்புகிறவள் நீ. உன் கண் முன்னால் அவன் ஏமாற்ற முடியாது.

மழைக்காலம் வருகிறது. கூரை ஒழுகுவதை அடைக்கச் சொன்னேனே, அடைத்தாயா?

அன்புடன்,
காளிதாஸ்


யோங் பெங்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள தாஸுக்கு,

நலம். கூரையை அடைக்க வேண்டும் என்று சொன்னது நான், கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள். பக்கத்து வீட்டு லெட்சுமணன் ஏறிப் போன மாதமே அடைத்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள், ருசி எப்படி இருந்தாலும்.

பைக் போய்ச் சேர்ந்துவிட்டது. போர்வையை எடுத்தால் எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே பூனை குட்டி போட்டு வைத்திருக்கிறது. அவற்றை அட்டைப் பெட்டிக்குக் குடி மாற்றிய பிறகுதான் சபாபதியின் லோரியில் வண்டியை ஏற்ற முடிந்தது. தாய்ப் பூனை இன்னும் வண்டி நின்ற இடத்தில் வந்து என்னை முறைத்துவிட்டுப் போகிறது.

தங்கராஜு மரியாதையான ஆள். வாய்க்கு வாய் அண்ணி என்கிறார். நேற்றுப் போனபோது எஞ்சினைப் பிரித்துப் பலகை மேல் பரப்பியிருந்தார். என்னை உட்கார வைத்து, பால் கலக்காத தே ஓ வாங்கிக் கொடுத்து, பாடமே நடத்தினார். கேம் என்பது எஞ்சின் எப்போது மூச்சை இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று சொல்கிற தண்டாம். அதில் இரண்டு வகை கிடைக்குமாம். ஒன்று, வேகம் ஏற ஏற இழுக்கும், தனியாக ஓட்டுகிறவனுக்கு ஏற்றது. இன்னொன்று, மெதுவாகப் போகும்போதே பாரத்தை இழுக்கும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதுதான் வேண்டும். ஸ்ப்ராக்கெட் என்கிற பல்சக்கரமும் பின்பக்க ஸ்பிரிங்கும் அதைப் பொறுத்துத்தான்.

"அண்ணி, போகப் போறது ஒருத்தரா, ரெண்டு பேரா? அதச் சொன்னாத்தான் நான் சாமான் ஆர்டர் பண்ண முடியும்லா" என்றார்.

அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கேட்கிறேன். ஒருவரா, இருவரா?

அன்புடன்,
வாசுகி


பிந்துலு
2 அக்டோபர் 2024

அன்புள்ள வாசுகிக்கு,

கடிதம் கண்டேன். பூனையை விரட்டாமல் விட்டது நல்லது. ஆனால் ஒயர்களைக் கடித்திருக்கிறதா என்று தங்கராஜுவைப் பார்க்கச் சொல்.

எந்தக் கேம் என்பதையெல்லாம் அவனே முடிவு செய்யட்டும். தொழில் தெரிந்தவன். பிஸ்டன் மட்டும் ஜப்பான் சாமானாக இருக்க வேண்டும், தாய்லாந்துச் சாமானைத் தலையில் கட்டிவிடப் போகிறான். எஞ்சின் சூடு அதிகமாகும், அதனால் ஆயில் கூலரும் வைக்கச் சொல். சங்கிலியையும் மாற்றிவிடட்டும். தாய்லாந்தில் மே ஹொங் சோன் பக்கம் வளைவுக்கு மேல் வளைவு, பாதி வழியில் சங்கிலி அறுந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இங்கே தினமும் மழை. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே வேலை பார்க்காதே.

அன்புடன்,
காளிதாஸ்


யோங் பெங்
13 அக்டோபர் 2024

அன்புள்ள தாஸுக்கு,

ஜப்பான் பிஸ்டன், ஆயில் கூலர், சங்கிலி எல்லாம் சொல்லிவிட்டேன். ஒயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டி வலி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

தங்கராஜு மறுபடி அதையேதான் கேட்டார். தொழில் தெரிந்ததால்தான் கேட்கிறாராம். பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்பது அவர் தொழிலில் வராதாம்.

பைக் மேட்டில் திணறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் திணறவில்லையே, அதை மறந்துவிட்டீர்களா? குவா மூசாங்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். நான் கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். வெளியே வந்தால் பைக் இல்லை. கையில் இருந்த ஹெல்மெட்டுக்குள், நாம் பேசிக்கொள்ள வைத்திருந்த இன்டர்காமிலிருந்து உங்கள் குரல் மட்டும் வந்தது. "பாரு வாசுகி, பெட்ரோல மாத்துனதும் என்னமா இழுக்குது பாரு!" நான் ஹெல்மெட்டை மாட்டி "என்னங்க" என்று கூப்பிடுவதற்குள் குரல் அறுந்துவிட்டது. கவுண்டரில் இருந்த மக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து, உன் புருஷன் வந்துவிடுவான் என்று ஆறுதல் சொன்னாள். நீங்கள் லோஜிங் மலை ஏறி, மேலே நிறுத்திப் படம் எடுக்கத் திரும்பிய பிறகுதான் நான் இல்லை என்று தெரிந்தது.

அது யாருக்கும் நடக்கலாம். அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதையே மேசைக்கு மேசை சொன்னீர்கள். "பொண்டாட்டிய எறக்கிட்டா வண்டி எப்படிப் பறக்குது தெரியுமா!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சித்தி மகன் கல்யாணத்தில் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதுபடுத்துகிறேன் என்றீர்கள். அந்த மாதமே சரவாக் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றீர்கள்.

அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஜனவரிப் பயணத்துக்கு நான் உங்கள் பின்னால் வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா? எனக்கு வர ஆசை இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு சொல்லவில்லை என்று இருக்கக் கூடாது. தொழிற்சாலையில் லீவு கேட்டால் கொடுப்பார்கள். தங்கராஜுவுக்குச் சொல்லப் போவது உங்கள் பதிலைத்தான்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு அனுப்புகிறேன். நொறுங்கிப் போய் வந்தால் போஸ்ட் ஆபீசைத் திட்டுங்கள்.

அன்புடன்,
வாசுகி


பிந்துலு
24 அக்டோபர் 2024

அன்புள்ள வாசுகிக்கு,

தீபாவளி வாழ்த்து. லீவு கிடைக்கவில்லை. முறுக்கு பாதி முழுசாக, பாதி தூளாக வந்தது. தூளையும் விடாமல் சாப்பிட்டேன். கேம்பில் இருக்கிற உள்ளூர் ஈபான் பையன்கள் இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நடந்ததை மறுபடி மறுபடி கிளறி என்ன செய்யப் போகிறோம்? அன்றைக்குத் திரும்பி வந்து உன்னை ஏற்றிக்கொண்டுதானே போனேன். அதை யாரும் சொல்வதில்லை.

நீ கேட்டதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கே போடச் சொல். இரண்டு பேருக்கு என்று செய்துவிட்டால் ஒருத்தன் தனியாக ஓட்டினாலும் பாதகமில்லை, கடைசி வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒருத்தருக்கு என்று செய்துவிட்டால் நாளைக்கு யாரையாவது ஏற்ற வேண்டி வந்தால் கஷ்டம். விற்கிற காலத்திலும் வாங்குகிறவன் அதைத்தான் கேட்பான். நீ வருவதும் வராததும் உன் விருப்பம். நான் வற்புறுத்த மாட்டேன்.

டியூனிங் முடிந்ததும் தங்கராஜுவே ஐயாயிரம் ஆர்பிஎம் வரை ஓட்டிப் பார்க்கட்டும். டிசம்பர் இருபதாம் தேதி விமானம்.

அன்புடன்,
காளிதாஸ்


யோங் பெங்
24 நவம்பர் 2024

அன்புள்ள தாஸுக்கு,

நலம். பூனைக்குட்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. இரண்டை லெட்சுமணன் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

பைக் வேலை முடிந்தது. ஜப்பான் பிஸ்டன், பெட்டியை என் கண்ணால் பார்த்தேன். ஆயில் கூலர் வைத்தாகிவிட்டது. போன வாரம் தங்கராஜு ஆயர் ஈத்தாம் வரை ஓட்டிவிட்டு வந்தார். அண்ணனுக்குக் கொடுக்கவே மனசில்லை என்கிறார். நல்ல வேலை. நான் திருப்பி அனுப்பும்படி ஒன்றும் இல்லை.

உங்கள் பதில் சரியான பதில். தங்கராஜுவும் அதையேதான் சொன்னார். கடிதம் கிடைத்ததும் இரண்டு பேர் என்று சொல்லத்தான் போனேன். "அப்படின்னா ஏறி உக்காருங்க அண்ணி, ஸ்பிரிங் எவ்வளவு எறங்குதுன்னு அளந்துட்டு ஆர்டர் போடுறேன்" என்றார். முன்னால் அவர் உட்கார்ந்தார். பின்னால் நான் ஏறினேன். ஒரு வருஷம் கழித்து ஏறியும் கால் தானாக இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிக்க மாட்டேன். அளந்து முடித்து, இறங்குங்கள் என்றார். இறங்கினேன். வண்டியின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. கிட்டத்தட்ட இரண்டு விரல் உயரம். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த தங்கராஜு திரும்பிக்கூடப் பார்க்காமல், "எறங்கிட்டீங்களா? தெரியுது" என்றார்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் கேட்டது எஞ்சினைப் பற்றி இல்லை. என்னைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் வண்டியைப் பற்றி எழுதினீர்கள். யாரையாவது ஏற்ற வேண்டி வந்தால் என்றீர்கள், வாங்குகிறவன் என்றீர்கள். வா என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் முட்டி வலியோடு மே ஹொங் சோன் வரை வந்திருப்பேன். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தவரை உங்களுக்காகக் காத்திருந்தேன். இப்போது அது இல்லை, கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அது தானாகப் போய்விடும்.

அதனால் ஒருவருக்கே போடச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையேதான் சொன்னேன். பின் இருக்கையைக் கழற்றி, அந்த இடத்தில் இன்னொரு பெட்டி வைக்கத் தட்டுப் போட்டிருக்கிறார். நீங்கள் விரும்பியபடி மேட்டில் திணறாது. நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் தொலைத்துவிட்டுப் போக அதில் யாரும் இல்லை.

உங்கள் மழைக்கோட்டு, கையுறைகள், பாஸ்போர்ட், உடுப்புகள், மற்றப் பெட்டிகள் எல்லாவற்றையும் சபாபதி லோரியில் கடைக்கே அனுப்பிவிட்டேன். சாவியும் தங்கராஜுவிடம்தான் இருக்கிறது. செனாய் விமான நிலையத்தில் இறங்கியதும் லார்க்கின் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பத்து பாகாட் பஸ் பிடியுங்கள். அது யோங் பெங்குக்கு முன்னால் ஆயர் ஈத்தாமிலேயே அந்தப் பக்கம் திரும்பிவிடும். யோங் பெங் வரை நீங்கள் வர வேண்டியதில்லை.

நல்லபடியாகப் போய் வாருங்கள்.

வாசுகி