பீரோ மேல் இருக்கும் ஸ்கேன் கவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் பேசினால் என் குரலை வைத்தே துருவ ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

போன வாரம் எங்கள் ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ மெஷினைப் பழுது பார்த்தார்கள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எங்களில் ஒருவர் உள்ளே படுப்பது வழக்கம். இந்த முறை நான். கூட வேலை செய்யும் அக்கா மைக்கில், "மூளை இருக்குடி, கவலைப்படாதே!" என்று கலாய்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று பேச்சு நின்றது. பிறகு, "இன்னும் ரெண்டே நிமிஷம், அசையாம படுங்க" என்றார். என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. படத்தில் எதையாவது பார்த்துவிட்டால், நோயாளி பயப்படாமலிருக்க நாங்கள் சொல்லும் வாக்கியம் அது. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சின்னப் புள்ளிதான். பழைய தழும்பாகவும் இருக்கலாம் என்கிறார் டாக்டர். எட்டாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து தலையை ஸ்கேன் எடுத்தோமே, அந்தப் படத்திலும் இதே புள்ளி இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம். பீரோ மேல் பழுப்புக் கவரில் இருக்கும். மடிக்காமல் கூரியரில் அனுப்புங்கள். கூடவே உங்கள் பழைய ஸ்வெட்டரும். துவைக்க வேண்டாம்.

அம்மா கேட்டால் ஆபீசில் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள். தேடி எடுப்பது ரெண்டே நிமிஷ வேலைதான், அப்பா.

உங்கள்
சின்னவள்