கடலைப் பார்த்து நின்ற சைக்கிள்

தம்பிக்கு,

ஆறு கடலில் கலக்குமிடத்தில் உன் சைக்கிள் வேலியில் பூட்டாமல் சாய்ந்திருந்தது. சுண்ணாம்புப் பாறைமேல் நடந்துபோய்க் கூப்பிட்டேன். நீ குரல் கொடுக்கவில்லை.

பாறைக் காவலர் ஹாலிஸ் வந்தார். "காலைல பாறை விளிம்புல பெரிய துண்டு சரிஞ்சிருச்சும்மா. அப்ப மேல யாரும் இல்லன்னுதான் நெனைக்கிறோம்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நேற்று சாப்பிடும்போது நான் சொன்னது வெறும் கோபம்டா.

கிளம்ப வசதியாக எப்போதும் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பித்தானே நிறுத்துவாய்? இன்று அது கடலைப் பார்த்து நின்றது.

கடல்நீர் வடிந்ததும் ஹாலிஸோடு பாறைக்குக் கீழே போகிறேன், சும்மா பார்த்துவரத்தான். இதை ரொட்டிப் பையில் சுற்றி, சைக்கிள் சீட்டில் கட்டுகிறேன். சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். நீ வந்து ஏறி உட்கார்ந்தால் போதும்.

அக்கா